பேச்சாளர் அல்லாதவர்களுக்கான மேடை

சொந்த வாழ்க்கையில் உண்மையாக நடந்த ஒன்றை, முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த கூடத்தில், கையில் தாள் இல்லாமல், ஐந்தாறு நிமிடங்களுக்குள் சொல்லி முடிப்பதுதான் கதைசொல்லலுக்கான ஓப்பன் மைக் மாலைகளின், அதாவது யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்ற மாலைகளின், முழு நிகழ்ச்சி நிரல். பாட்டு கிடையாது, நடிப்பு கிடையாது, பெரும்பாலும் மேடை அலங்காரமும் கிடையாது. இத்தகைய மாலைகளுக்குக் கேட்பவனாகப் போகத் தொடங்கி, பிறகு நேரம் பார்ப்பது, பெயர்ச் சீட்டுகளைச் சேகரிப்பது போன்ற சில்லறை வேலைகளைச் செய்பவனாக ஆகிவிட்ட எனக்கு, இவற்றைப் பற்றி ஓர் உறுதியான கருத்து உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்காக இந்த நிகழ்வு ஏற்படவில்லை. இதன் விதிகள் முதற்பார்வையில் எவ்வளவு விளையாட்டாகத் தோன்றினாலும், பேசிப் பழகாத ஒருவரை மைக்கின் முன் கொண்டுவந்து நிறுத்துவதற்காகவே அமைந்தவை. அவற்றை ஒவ்வொரு முறை தளர்த்தும்போதும் மேடை கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பழகியவர்களின் கைக்குப் போய்விடுகிறது.

இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும் இந்த வடிவத்துக்குப் பெரிய முன்மாதிரியாக இருப்பது அமெரிக்காவின் 'தி மாத்' அமைப்பு. ஜார்ஜ் டாஸ் கிரீன் என்ற நாவலாசிரியர், தம் சொந்த மாநிலமான ஜார்ஜியாவில் நண்பர்களோடு வீட்டுத் திண்ணையில் கதை பேசிக் கழித்த இரவுகளின் நினைவில், 1997இல் நியூயார்க்கில் தம் வீட்டு வரவேற்பறையில் அதைத் தொடங்கினார். 2009இல் அதன் கதைகள் வானொலி நிகழ்ச்சியாக வரத் தொடங்கின. மறு ஆண்டே அந்த நிகழ்ச்சிக்கு, வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான மதிப்புமிக்க அமெரிக்க விருதான பீபாடி விருது கிடைத்தது. கதைசொல்லல் விழாக்கள் அதற்கு முன்பும் இருந்தன. டென்னசி மாநிலத்தின் ஜோன்ஸ்பரோவில் 1973 முதல் நடந்துவரும் விழா அவற்றுள் பெயர்பெற்றது. ஆனால் அங்கே மேடையேறுபவர்கள் பெரும்பாலும் அந்தக் கலையையே தொழிலாகக் கொண்டவர்கள். யார் வேண்டுமானாலும் வந்து பெயர் கொடுக்கலாம், ஆனால் கதை அவருடையதாகவும் நடந்ததாகவும் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு வேறு வகையானது. மாத் அமைப்பு இதற்கென்று நடத்தும் மாலைக்கு 'ஸ்டோரிஸ்லாம்' என்று பெயர்.

அங்கே கதை சொல்ல விரும்புபவர்கள் தம் பெயரைச் சீட்டில் எழுதி ஒரு பையில் போட, அதிலிருந்து பத்துப் பெயர்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்படுகின்றன. ஒருவர் சொல்லி முடிக்கும்வரை அடுத்தவர் யார் என்பது தொகுப்பாளருக்கே தெரியாது. குலுக்கல் என்றதும் சிலருக்கு இது நேரத்தை வீணாக்கும் ஏற்பாடு என்று படுகிறது. முன்கூட்டியே கதைகளைக் கேட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டால் தரம் உயருமே என்கிறார்கள். உயரும், மறுக்கவில்லை. ஆனால் தேர்வு என்று ஒன்று வந்தவுடன், தேர்வில் தேறத் தெரிந்தவர்கள் மட்டுமே விண்ணப்பிப்பார்கள். தேர்வுக்கு முன்னால் நிற்கத் தயங்கும் ஒருவர் சீட்டில் பெயர் எழுதத் தயங்குவதில்லை. தம் பெயர் வராமலும் போகலாம் என்ற எண்ணமே அவருக்குத் துணிவைத் தருகிறது. பெயர் வராதவர்களை இறுதியில் மேடைக்கு அழைத்து, அவரவர் கதையின் முதல் வரியை மட்டும் சொல்லச் செய்யும் வழக்கமும் உண்டு. அந்த ஒற்றை வரிகளைக் கேட்கும்போது கூடத்தில் எழும் ஏமாற்றப் பெருமூச்சு, முழுக்கதை சொன்ன சிலருக்குக் கிடைத்த கைதட்டலைவிடப் பெரிதாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சீட்டு எடுத்து ஆளை அழைப்பதில் உள்ள அபாயத்தைக் கட்டுக்குள் வைப்பது நேர வரம்பு. ஸ்டோரிஸ்லாம் மாலைகளில் ஐந்து நிமிடம் முடிந்ததும் ஓர் இசைக்கருவி ஒலிக்கும்; மேலும் ஒரு நிமிடம் சலுகை; அதற்குள்ளும் முடிக்காவிட்டால் மறுபடி ஒலிக்கும். மோசமான கதையானாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் கேட்பவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். நேரம் பார்ப்பவனாக உட்கார்ந்து நான் கண்டது இன்னொன்று: இந்த வரம்பு யாரையாவது உண்மையில் தடுக்கிறது என்றால் அது பழகிய பேச்சாளரைத்தான். முதன்முறையாக வருபவர் பெரும்பாலும் நாலு நிமிடத்திலேயே முடித்துவிட்டு, இன்னும் நேரம் இருப்பதைக் கண்டு திகைத்து நிற்பார். அரங்கு தம் வசப்பட்டதை உணர்ந்தவுடன் ஒரு கிளைக்கதையைத் தொடங்குபவரோ மேடைக்குப் புதியவராக இருந்ததில்லை. ஆகவே "நன்றாகத்தானே போகிறது, விட்டுவிடலாமே" என்று ஒருங்கிணைப்பாளர்கள் கண்ணசைக்கும்போது, கடைசியில் பெயர் வரவேண்டிய யாரோ ஒருவருடைய நேரத்தை எடுத்துத்தான் கொடுக்கிறார்கள்.

ஐந்து நிமிடப் பேச்சை எழுதிப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்குச் சற்றே கூடுதலாக வரும். அதில் முக்கால் பக்கம் ஊர், குடும்பம், படிப்பு என்று போய்விட்டால் கதைக்கு இடமிருக்காது. நடந்த சம்பவத்துக்கு எவ்வளவு அருகில் தொடங்க முடியுமோ அவ்வளவு அருகில் தொடங்குங்கள் என்பதைத் தவிர, தொழில்நுட்ப அறிவுரை என்று புதியவர்களுக்கு நான் அதிகம் சொல்வதில்லை. ஏனென்றால் மற்றது அவர்களுக்கே தெரியும்.

தெரியும் என்று நான் சொல்வது முகத்துதியன்று. வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர், 1960களில் நியூயார்க் மக்களின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்ய முயன்றபோது, ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்ததும் எல்லோரும் தம் பேச்சைத் திருத்திக்கொள்வது அவருக்குப் பெரிய இடையூறாக இருந்தது. "செத்துவிடுவோம் என்று நினைக்கும்படியான ஆபத்தில் நீங்கள் எப்போதாவது சிக்கியதுண்டா?" என்று கேட்டபோது அந்தத் தடை உடைந்தது. அந்த அனுபவத்தைச் சொல்லத் தொடங்கியவர்கள் கருவியையும் கேள்வி கேட்டவரையும் மறந்து தம் இயல்பான பேச்சுக்குத் திரும்பினார்கள். அப்படிச் சேர்ந்த கதைகளைக் கொண்டு ஜோஷுவா வாலெட்ஸ்கியோடு சேர்ந்து 1967இல் அவர் எழுதிய கட்டுரையும் அதைத் தொடர்ந்த ஆய்வுகளும், வாய்மொழி அனுபவக் கதைகளுக்கு ஓர் உள்ளமைப்பு இருப்பதைக் காட்டின. இன்னது சொல்லப்போகிறேன் என்ற சுருக்கம், யார் எங்கே எப்போது என்ற அறிமுகம், சிக்கல், முடிவு, பிறகு நிகழ்காலத்துக்குத் திரும்புதல் என்று அது போகிறது. இவற்றின் ஊடே "சரி, அதனால் என்ன?" என்று கேட்பவர் கேட்டுவிடாதபடி, இது ஏன் சொல்லத்தக்கது என்பதைச் சொல்பவர் இடையிடையே உணர்த்திக்கொண்டே போகிறார். எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கள் இதைத் தாமாகவே செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். மேடை இல்லாத இடத்தில் எல்லோருமே இதில் தேர்ந்தவர்கள். மேடை என்றதும்தான் கட்டுரை வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

தாளுக்குத் தடை விதிப்பதும் அதற்காகத்தான். வார்த்தை வார்த்தையாக மனப்பாடம் செய்வதும் தாளைப் போன்றதே, சொல்லப்போனால் அதைவிட ஆபத்தானது. ஒரு வாக்கியம் நழுவினால் அடுத்ததும் வராது. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் உறுதி செய்துகொண்டு, நடுவில் உள்ளதைக் காட்சிகளின் வரிசையாக மட்டும் நினைவில் வைத்துக்கொள்பவர்கள் தடுமாறினாலும் மீண்டுவிடுகிறார்கள்.

உண்மை என்ற விதிக்கு வருகிறேன். விவாதம் அதிகம் கிளம்புவது இதில்தான். ஒருவர் சொல்வது உண்மையா என்று யாரும் சரிபார்ப்பதில்லை, சரிபார்க்கவும் முடியாது. அதோடு, மனமறிந்து பொய் சொல்லாதவரின் நினைவும் நம்பத்தக்கதன்று. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், உல்ரிக் நைசர் என்ற உளவியலாளரும் நிக்கோல் ஹார்ஷும் கல்லூரி மாணவர்களிடம், அந்தச் செய்தியை எங்கே எப்படி அறிந்தீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே மறுபடி கேட்டபோது, முக்கியமான விவரங்கள் அனைத்தும் பொருந்தும்படி சொன்னவர்கள் மூவர் மட்டுமே. 11 பேர் சொன்னது முழுக்க முழுக்க மாறியிருந்தது. தவறாகச் சொன்னவர்களில் பலர் தாம் சொல்வதில் மிக உறுதியாக இருந்தார்கள். தம் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டிய பிறகும் அந்த முதல் நினைவு அவர்களுக்குத் திரும்பவில்லை.

அப்படியானால் 'உண்மைக் கதை' என்ற நிபந்தனைக்கு என்ன பொருள் இருக்கிறது என்று கேட்கலாம். நான் அதை விவரங்களின் துல்லியத்துக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்பவர் தாம் நம்புவதை மட்டுமே சொல்கிறார், நடக்காததைத் தெரிந்தே சேர்க்கவில்லை என்ற அளவில் அது போதும். அந்த அளவுக்காவது அது கறாராக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் நடந்ததை ஒரு மாலைக்குள் நடந்ததாகச் சுருக்குவது, சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட பதிலைச் சொன்னதாகக் காட்டுவது போன்ற 'மெருகேற்றல்'களை அனுமதித்துவிட்டால், புனையத் தெரிந்தவர் எப்போதும் முன்னால் நிற்பார். தம் வாழ்க்கையில் நடந்தது இவ்வளவுதான் என்று அடக்கமாகச் சொல்பவருடைய கதை அதற்குப் பக்கத்தில் வெளிறித் தெரியும். "தேதி சரியாக நினைவில்லை", "அவர் இந்தப் பொருள்படத்தான் பேசினார்" என்று சொல்லிவிட்டுத் தொடர்பவரைக் கேட்பவர்கள் கூடுதலாகவே நம்புகிறார்கள்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நம் கதையில் நாம் மட்டும் இருப்பதில்லை. முன்னாள் துணை, உடன்பிறந்தவர், மேலதிகாரி எல்லோரும் இருக்கிறார்கள், அவர்கள் யாரும் சீட்டில் பெயர் எழுதிப் போடவில்லை. பெயரை மாற்றுவது போதாது. அதே கூடத்தில் அவரை அறிந்தவர் ஒருவர் இருந்தால் மாற்றுப்பெயர் எதையும் மறைக்காது. மற்றவருடைய நோய், கடன், அந்தரங்கம் ஆகியவை சொல்பவரின் கதைக்கு இன்றியமையாதவையா என்று தொகுப்பாளர் தொடக்கத்திலேயே அவையினரிடம் கேட்டுவைப்பது நல்லது. பழிதீர்க்க மேடையேறுபவர்களை அந்தக் கேள்வி ஓரளவு நிறுத்தும்.

ஆறாத புண்ணோடு வருபவர்களின் நிலை அதைவிடக் கடினம். வடுவிலிருந்து சொல்லுங்கள், காயத்திலிருந்து சொல்லாதீர்கள் என்பது இந்த வட்டாரங்களில் அடிக்கடி கேட்கும் அறிவுரை. அது பெருமளவு சரி. துயரம் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போது சொல்பவரால் அதிலிருந்து விலகி நிற்க முடியாது, பாரம் முழுவதும் கேட்பவர்கள்மேல் இறங்கிவிடும். ஆனால் இதை ஒரு தகுதித் தேர்வாக மாற்றி ஆட்களைத் திருப்பி அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. அழுதுகொண்டே ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டால் கூடம் இடிந்துவிடாது. அவரோடு யாராவது வெளியே போய் உட்கார்ந்திருக்க ஏற்பாடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்பவர்களின் பங்கைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஊரி ஹாசனின் குழுவினர், ஒரு பெண் தம் வாழ்வில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை ஒத்திகையின்றிச் சொல்லும்போது அவருடைய மூளைச் செயல்பாட்டை ஸ்கேன் மூலம் பதிவு செய்து, பிறகு அந்த ஒலிப்பதிவைக் கேட்டவர்களின் மூளைச் செயல்பாட்டோடு ஒப்பிட்டார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, கேட்பவர்களின் மூளை சொல்பவருடையதைச் சற்றுப் பின்தங்கிப் பின்தொடர்ந்தது. சில பகுதிகளில் முந்திக்கொண்டும் சென்றது. அப்படி முந்திச் சென்ற அளவு கூடக் கூடக் கதையை நன்கு புரிந்துகொண்டதும் தெரிந்தது. அவர்களுக்குப் புரியாத ரஷ்ய மொழியில் கதை சொல்லப்பட்டபோது இந்த இணைவு இல்லை. அடுத்து என்ன வரும் என்று கேட்பவர் ஊகித்துக்கொண்டே வருவதுதான் நல்ல கேட்டல் என்றால், நினைவு தப்பி மேடையில் நின்றுவிட்டவருக்காகக் கூடமே கைதட்டுவதில் வெறும் இரக்கத்துக்கு மேலும் ஏதோ இருப்பதாக எனக்குப் படுகிறது.

மதிப்பெண் போடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவையிலிருந்தே மூன்று நடுவர் குழுக்களை அமைத்து, பத்துக்கு இத்தனை என்று பலகை தூக்கிக் காட்டச் செய்வது ஸ்டோரிஸ்லாமின் கவர்ச்சிகளில் ஒன்று, கேளிக்கையாகவும் இருக்கிறது. ஆனால் எந்தக் கதை வென்றதோ அதன் சாயலில் பின்னர் பல கதைகள் வரத் தொடங்குகின்றன. தொடக்கத்தில் ஒரு சிரிப்பு, மூன்றாம் நிமிடத்தில் ஒரு மரணம், இறுதியில் ஒரு பாடம் என்று எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. தாயின் இறுதி நாட்களைச் சொல்லிவிட்டு இறங்குபவருக்கு ஏழரை என்று பலகை காட்டுவதில் உள்ள அசட்டுத்தனத்தை நகைச்சுவையான தொகுப்பாளர்கள்கூட மூடிமறைக்க முடிவதில்லை.

ஒளிப்பதிவை வெளியிடுவதற்கான ஒப்புதலை நிகழ்வுக்கு முன் கேட்பதைவிட, சொல்லி முடித்து ஓரிரு நாட்கள் கழித்துக் கேட்பதே முறை. கூடத்தில் அமர்ந்திருப்பவர்களுக்குச் சொல்லச் சம்மதித்தவர், யூடியூபில் என்றென்றைக்குமாக இருக்கச் சம்மதித்தவர் ஆகிவிடமாட்டார். பின்னர் நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்க வேண்டும்.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பது சிறிய வேலையாகத் தெரிந்தாலும், யார் வருவார்கள் என்பதை அதுவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 'தன்னம்பிக்கை', 'வெற்றி' என்று வைத்தால் சொற்பொழிவாளர்கள் வருகிறார்கள். 'சாவி', 'கடன்', 'தவறான முகவரி' என்று வைத்தால், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சற்றே யோசித்துவிட்டுப் பேனா கேட்கிறார். அடுத்த மாலைக்கு 'தாமதம்' என்று முடிவு செய்திருக்கிறோம்; குறித்த நேரத்துக்கே தொடங்குவோம்.