குதிகால் தரையைத் தொடாத நடை

2024 ஜூன் 11, செவ்வாய்

பள்ளி திறந்துவிட்டது. மகனின் ஐந்தாம் வகுப்பு மாடியில். வகுப்பைக் கீழே மாற்றித் தர முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். "மெதுவாக ஏறி இறங்கட்டும் அம்மா, பயிற்சியாக இருக்குமே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் டூஷேன் தசைச்சிதைவு உள்ள பிள்ளைக்குப் படி பயிற்சியாகாது. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால் தசையிழையின் உறை எளிதில் கிழிகிறது. ஏறுவதைவிட இறங்குவதில்தான் சேதம் அதிகம். உடல் எடையைத் தாங்கியபடியே தொடைத்தசை நீள வேண்டியிருக்கிறது. மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுக்கப்போகிறேன்.

ஜூன் 19, புதன்

இன்று மருத்துவமனை. மல்லாந்து படுத்திருந்தவனை எழச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். குப்புறத் திரும்பினான், கைகளை ஊன்றி இடுப்பை உயர்த்தினான், ஒரு கையை முழங்காலில் வைத்து, மறு கையைத் தொடையில் வைத்து, தன் உடம்பின் மீதே ஏறி நிமிர்ந்தான். இதற்கு ஆகும் நேரம் கூடிக்கொண்டே போனால் நடை தளரப்போகிறது என்று அர்த்தம். போன முறையைவிடச் சற்றுக் கூடியிருக்கிறது.

அவன் நுனிக்காலில் நடப்பதைப் பார்த்துவிட்டு, "குதிகால் நரம்பை ஆபரேஷனில் நீளமாக்கினால் சரியாகிவிடுமாமே" என்று அண்ணி கேட்டிருந்தார். அதை அப்படியே பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன். அவர் அவனைப் பக்கவாட்டில் நிற்க வைத்துக் காட்டினார். இடுப்பைப் பின்னால் தாங்கும் தசை தளர்ந்ததால் வயிற்றை முன்தள்ளி, தோளைப் பின்சாய்த்து நிற்கிறான். தொடை முன்தசையும் தளர்ந்துவிட்டது. முன்பாதத்தில் நிற்பதால்தான் உடல் எடை முழங்காலுக்கு முன்னே விழுந்து, அது மடங்காமல் பூட்டிக்கொள்கிறது. குதிகாலை மேலே இழுத்துப் பிடிக்கும் அந்த இறுக்கத்தை அளவுக்கு மீறித் தளர்த்தினால் முழங்கால் மடங்கிவிடும், நடையே நின்றுபோகலாம். பகலில் ஸ்ப்ளின்ட் (பாதத்தை மடக்காமல் நேராகப் பிடித்து வைக்கும் அச்சு) மாட்டி நடக்கவிட வேண்டாம் என்பதும் இதனால்தான். அதற்காக இறுக்கத்தை முற்ற விட்டுவிடவும் கூடாது. இரவில் ஸ்ப்ளின்ட், காலையிலும் மாலையிலும் கெண்டைக்காலை இழுத்துவிடுதல், இரண்டும் தொடர வேண்டும். எவ்வளவு நுட்பமான சமநிலையில் என் பிள்ளை நின்றுகொண்டிருக்கிறான்! அந்த நடையைப் பார்த்துச் சிரிப்பவர்களை உட்கார வைத்து இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

எடை கூடியிருக்கிறது. தசைக்காக அவன் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை பசியைக் கிளப்புகிறது. மாத்திரை இல்லாத காலத்தில் பெரும்பாலான பிள்ளைகள் 12 வயதுக்குள் நடையை இழந்தார்கள். இப்போது அது சில ஆண்டுகள் தள்ளிப்போகிறது. அதனால் மாத்திரையை விட முடியாது, சோற்றையும் இனிப்பையும்தான் குறைக்க வேண்டும். மாமியாரிடம் சொல்லிவிட்டேன். முகம் வாடினாலும் முறுக்கு டப்பாவை மேலே எடுத்து வைத்துவிட்டார்.

அதே மாத்திரை எலும்பையும் மெலிய வைக்கிறது. கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்து, வாரக்கணக்கில் கட்டுப்போட்டுப் படுத்தபின் மறுபடி நடக்காமலே போன பிள்ளைகள் உண்டு. குளியலறைத் தரைக்குச் சொரசொரப்பான ஓடு பதிக்கக் கொத்தனார் நாளை வருகிறார்.

ஜூலை 22, திங்கள்

காய்ச்சல் விட்டுவிட்டது. படுத்தே இருந்ததில் கால் தளர்ந்திருக்கிறது. "கால் என்னுடையது மாதிரியே இல்லை அம்மா" என்கிறான். ஒருநாள் மாத்திரையை வாந்தியெடுத்துவிட்டான். ஸ்டீராய்டு திடீரென்று நின்றால் உயிருக்கே ஆபத்து என்பதால் உடனே மருத்துவருக்குப் போன் செய்தேன். காய்ச்சல் தணியும்போதெல்லாம் சிறிது நேரமாவது எழுப்பி நிற்க வையுங்கள் என்றும் சொன்னார். நிற்க வைத்தோம்.

வகுப்பு கீழே வந்துவிட்டது. கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. அதற்கு நாளை மறுபடியும் போகிறேன்.