சிதம்பரம் ரோட்டுல நின்ன எஸ்டீம், கடலூர்ல சரியான கதை

பழைய காரை நம்பி வெளியூர் போலாமான்னு நெறைய பேர் கேக்கறாங்க. போலாங்க. ஆனா டெம்பரேச்சர் முள்ளு ஏறுனா அந்த எடத்துலயே ஓரங்கட்டற மனசு இருக்கணும், அது இல்லைன்னா வேண்டாம். "கொஞ்ச தூரந்தான, ஓட்டிட்டே போயிரலாம்"ங்கற நெனப்புலதான் பாதி இன்ஜின் சாகுது. போன மே மாசம் கடலூர் பக்கத்துல எங்க வண்டி நின்னப்ப என்னென்ன செஞ்சோம்னு முழுசா எழுதறேன், யாருக்காச்சும் ஆகும்.

வண்டி 2004 மாருதி எஸ்டீம், எங்கப்பா புதுசா எடுத்தது. எங்க ஊரு கோபிசெட்டிபாளையம், அதனால கோபி ரிஜிஸ்ட்ரேஷன். 2019ல பதினஞ்சு வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிச்சோம், அஞ்சு வருஷத்துக்கு குடுத்தாங்க, 2024ல மறுபடி எடுத்துட்டுப் போய் காட்டி இன்னொரு அஞ்சு வருஷம் வாங்கியாச்சு. பையன் இன்னும் அதை அப்புச்சி (தாத்தா) வண்டின்னுதான் சொல்றான். எஸ்டீம் வர்றது 2007லயே நின்னு போச்சு, ஆனா அந்த ஜி13 இன்ஜின் இருக்கே, சின்ன வண்டிக்கு அவ்ளோ நல்ல இன்ஜின், ஏசி போட்டுட்டு அம்மாவையும் பின்னாடி சாமானையும் ஏத்திட்டு சேலம் பைபாஸ்ல போனா இன்னைக்கும் திணறாது. அதனாலதான் விக்க மனசு வரலை, அதனாலதான் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி நின்னப்பவும் எப்படியாச்சும் அதே வண்டியிலதான் ஊரு போகணும்னு நெனச்சேன்.

நான், வீட்டுக்காரர், பையன், அம்மா. சிதம்பரத்துல தரிசனம் முடிச்சுட்டு புதுச்சேரி போறது பிளான். நாந்தான் ஓட்டிட்டு இருந்தேன். புதுச்சத்திரம் தாண்டி ஆலப்பாக்கம் கிட்ட வர்றப்ப முன்னாடி இருந்து கீச்சுன்னு ஒரு சத்தம், ஒரு நிமிஷம் இருக்கும், அப்புறம் டப்புன்னு ஏதோ அடிச்சுட்டு சத்தம் நின்னு போச்சு, கூடவே டேஷ்போர்டுல செவப்பா பேட்டரி லைட் வந்துச்சு. வீட்டுக்காரர் "பேட்டரி லைட்டுதான, கடலூர் போய் பாத்துக்கலாம்"னாரு. இந்த எடத்துல ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க. எஸ்டீம் மாதிரி வண்டில பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் சுத்தறது ஒரே பெல்ட்டு. அது அறுந்தா முதல்ல எரியறது பேட்டரி லைட்டு, ஆனா ஆபத்து பேட்டரிக்கு இல்லை, பம்ப் நின்னு போனதால இன்ஜினுக்குள்ள தண்ணி ஓடாது, ரெண்டு மூணு கிலோமீட்டர்ல கொதிச்சுரும். அப்பா இதை எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தப்பவே சொல்லியிருந்தாரு. முள்ளு பாதியத் தாண்டி மேல போறதப் பாத்ததும் ஏசிய ஆஃப் பண்ணி, ஹசார்டு போட்டு, ஒரு புளியமரத்து ஓரமா எறக்கி இன்ஜினை நிறுத்திட்டேன்.

அக்னி நட்சத்திர வெயில், மணி பதினொன்னு. முதல் வேலையா அம்மாவையும் பையனையும் ரோட்டுப் பக்கம் இல்லாத கதவு வழியா எறக்கி மரத்தடியில உக்கார வச்சோம். ஹைவேல நிக்கற வண்டிக்குள்ள யாரும் உக்காந்திருக்கக் கூடாது, பின்னாடி வர்ற லாரிக்காரர் நம்ம வண்டி ஓடுதுன்னு நெனச்சு வந்துருவாரு. முக்கோண ரிஃப்ளெக்டரை நல்லா தள்ளிப் பின்னாடி வச்சோம்.

பானெட்டைத் தொறந்தா பெல்ட்டு நாரு நாரா கிழிஞ்சு கீழ தொங்குது. வண்டி நின்னா நம்ம ஊருல கூட்டத்துக்குக் குறைவே இல்லை, பைக்ல போனவங்க ரெண்டு மூணு பேர் நிறுத்தி உதவிக்கு வந்தாங்க, நல்ல மனசுதான், ஆனா சொன்னதெல்லாம் செய்யக் கூடாது. ஒருத்தர் ரேடியேட்டர் மூடியத் தொறந்து தண்ணி ஊத்தலாம்னு கையே வச்சுட்டாரு, நான் கெஞ்சி நிறுத்துனேன். உள்ள பிரஷர்ல இருக்கறதால தண்ணி நூறு டிகிரிக்கு மேல போயும் கொதிக்காம நிக்கும், மூடியத் தொறந்த அடுத்த நொடி மூஞ்சில பீச்சி அடிக்கும். பச்சைத் தண்ணிய சூட்டோட ஊத்துனா இன்ஜினோட மேல் பாகமான அலுமினிய ஹெட்டு வளைஞ்சு போகவும் வாய்ப்பு இருக்கு. இன்னொருத்தர் துப்பட்டாவ பெல்ட் மாதிரி கட்டி ஓட்டுங்கன்னாரு. அவர் முன்னாடி அதை செஞ்சு வீடு போய்ச் சேந்திருக்காராம், இருக்கலாம். ஆனா பெல்ட் எதனால அறுந்துச்சுன்னே தெரியாதப்ப அதுல என்னத்தக் கட்டறது.

நேஷனல் ஹைவேல எங்க நின்னாலும் 1033க்குக் கூப்பிடலாம். ஆனா அவங்க வந்தா வண்டிய பத்திரமான எடத்துக்கு நகத்தத்தான் உதவி, ரிப்பேருக்கு நாமதான் ஆளைப் பாக்கணும். எங்களுக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டுந்தான், அதுல ரோட்சைடு அசிஸ்டன்ஸ் கிடையாது. போன்ல யார்கிட்டப் பேசினாலும் எந்த எடம்னுதான் முதல்ல கேப்பாங்க, அதனால கிலோமீட்டர் கல்லுல இருக்கற நம்பரைப் பாத்து வச்சுக்கோங்க, லொக்கேஷனை வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க.

மெக்கானிக்க எப்படிப் புடிச்சோம்னா, கொஞ்சம் தள்ளி ஒரு பஞ்சர் கடை, அங்க போய் வீட்டுக்காரர் "நல்ல மெக்கானிக் யாருங்க"ன்னு கேக்கலை, "இந்த ரோட்டுல ஓடற பழைய ஆம்னி, மாருதி வேன்காரங்கெல்லாம் யார்கிட்ட விடறாங்க"ன்னு கேட்டாரு. தினமும் அதை வச்சு சம்பாதிக்கறவங்க விடற எடந்தான் சரியான எடம். பஞ்சர் கடைக்காரர் யோசிக்காம ஒரு பேரைச் சொல்லி அவரே போன் போட்டுக் குடுத்தாரு. கடலூர்ல இம்பீரியல் ரோட்டுக்கு உள்ள தள்ளி இருக்கற சின்ன ஷெட்டு. அந்தண்ணன் போன்ல கேட்ட முதல் கேள்வி, "முள்ளு செவப்புக்குப் போச்சாம்மா, அதுக்குள்ள நிறுத்திட்டீங்களா?" போகலைண்ணா, நிறுத்திட்டேன்னேன். "அப்ப ஒண்ணும் ஆயிருக்காது, இனிமே ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீங்க, ரெக்கவரி வண்டி அனுப்பறேன்"னாரு. அந்த வார்த்தையக் கேட்டப்புறந்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

ரெக்கவரிக்கு ஏத்தறதுக்கு முன்னாடியே மொத்த ரேட்டு பேசிக்கணும், ஏத்தக் கூலி, எறக்கக் கூலி, டோல் எல்லாம் சேத்தான்னு. 2,500க்கு முடிஞ்சுது. கயிறு கட்டி இழுத்தா இன்னும் கம்மிதான், ஆனா இன்ஜின் ஓடாதப்ப பிரேக் ரெண்டு மூணு மிதியிலயே கல்லாயிரும், ஸ்டியரிங்கும் லாக் ஆகாம இருக்க சாவி ஆன்ல இருக்கணும், ஹைவேல பஸ்சுக்கு நடுவுல அந்த வேலையே வேண்டாம்னு விட்டுட்டோம். சிப்காட் தாண்டி ஓ.டி. (ஓல்ட் டவுன், பழைய கடலூர்) வழியா ஷெட்டுக்குப் போய்ச் சேர ரெண்டு மணி ஆயிருச்சு.

அண்ணன் பெல்ட்டப் பாக்கவே இல்லை, நேரா வாட்டர் பம்ப் புல்லிய (பெல்ட்டு மாட்டற சக்கரம்) புடிச்சு ஆட்டுனாரு. லொடலொடன்னு ஆடுச்சு, சுத்துனா கரகரன்னு மணல் அரைக்கற மாதிரி இருந்துச்சு. அப்புறம் டார்ச் அடிச்சு பம்ப்புக்கு அடியில ஒரு பொடி ஓட்டையக் காட்டுனாரு. உள்ள சீல் போனா கூலன்ட் (இன்ஜினைக் குளுத்தற தண்ணி) அந்த ஓட்டை வழியாத்தான் கசியுமாம், அதுக்கு கீழ பச்சையா உப்பு பூத்து கோடு மாதிரி எறங்கி இருந்துச்சு. பெல்ட்ட மட்டும் போட்டு அனுப்பியிருந்தா ஊரு தாண்டறதுக்குள்ள மறுபடி அறுந்திருக்கும். எனக்கு அவர் மேல நம்பிக்கை வந்தது அங்கதான், அறுந்ததை மாத்தறவர் வேற, ஏன் அறுந்துச்சுன்னு தேடறவர் வேற. ஆயில் மூடியத் தொறந்து உள்ள வெள்ளையா பால் மாதிரி இருக்கான்னும் பாத்தாரு. தண்ணி ஆயில்ல கலந்திருந்தா ஹெட்டுக்கு அடியில இருக்கற கேஸ்கெட் போச்சுன்னு அர்த்தம். சுத்தமா இருந்துச்சு.

பிரச்சினை என்னன்னா அன்னைக்கு சனிக்கிழமை. மறுநாள் ஸ்பேர் கடையெல்லாம் லீவு. கடலூர்ல பெல்ட் கிடைச்சுது, வால்வும் பிஸ்டனும் தாளம் தப்பாம ஓடறதுக்கு இருக்கற டைமிங் பெல்ட்டும் கிடைச்சுது (இந்த இன்ஜின்ல பம்ப்ப கழட்ட டைமிங் பெல்ட்ட எடுத்தே ஆகணும், அதனால அதையும் புதுசா போட்டுர்றதுதான் சரி, இன்னொரு தடவை பிரிக்கற கூலி மிச்சம்), எஸ்டீம் பம்ப் மட்டும் எந்தக் கடையிலயும் இல்லை. அண்ணன் புதுச்சேரில ஒரு கடைக்குப் போன் போட்டாரு. அவங்க "எஸ்டீம்னு இல்லை, ஜிப்சி ஜீப்புக்கு வர்றது ஒண்ணு இருக்கு, பழசைக் கொண்டாந்து ஒத்துப் பாத்து எடுத்துட்டுப் போங்க"ன்னாங்க. ஜிப்சி எம்.பி.எஃப்.ஐ (கார்புரேட்டர் இல்லாம பெட்ரோலை பீச்சி விடற மாடல்), வெர்சா வேன், எஸ்டீம் எல்லாம் ஒரே ஜி13 குடும்பந்தான். ஜிப்சி ஆர்மியில நெறைய ஓடுனதால அதுக்கு சாமான் இன்னும் நல்லாவே புழங்குது. பழைய வண்டி வச்சிருக்கவங்க நம்ம இன்ஜின் வேற எந்த வண்டில வந்துச்சுன்னு தெரிஞ்சு வச்சுக்கறது ரொம்ப முக்கியம், கடையில மாடல் பேரு சொன்னா இல்லைம்பாங்க, இன்ஜினைச் சொன்னா எடுத்து நீட்டுவாங்க.

வீட்டுக்காரர் அம்மாவையும் பையனையும் கூட்டிட்டு திருப்பாதிரிப்புலியூர்ல ரூம் போடப் போயிட்டாரு. நான் பழைய பம்ப்ப கழட்டி முடிக்கற வரைக்கும் கூடவே இருந்து, அதை பேப்பர்ல சுத்தி ஒரு மஞ்சப்பையில போட்டுட்டு புதுச்சேரி பஸ் ஏறுனேன். பஸ் அடிக்கடி இருக்கு, முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரத்துல போயிரலாம். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்னு ஒவ்வொரு ஸ்டாப்பா நிக்க நிக்க எனக்கு கடை மூடிருவாங்களோன்னு ஒரே பதட்டம். பையில இருந்து கூலன்ட் கசிஞ்சு மடி நனைஞ்சுருச்சு, பக்கத்துல இருந்த பெரியம்மா "மீனாம்மா?"ன்னு கேட்டாங்க, கார் சாமான்மான்னதும் அவங்க பையில இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் குடுத்தாங்க.

கடைக்காரர் ரெண்டு பம்ப்பையும் கண்ணாடி மேசை மேல பக்கத்துல பக்கத்துல வச்சாரு. போல்ட் ஓட்டை எத்தனை, எங்கெங்க இருக்கு, கேஸ்கெட்ட ரெண்டு மேலயும் வச்சு வடிவம் ஒத்து வருதா, புல்லி உக்கார்ற முகம் ஒரே உயரமா, உள்ள இருக்கற விசிறி அளவு சரியா, ஒவ்வொண்ணா ஸ்கேல் வச்சுப் பாத்தாரு. அப்புறம் "நீங்களே சுத்திப் பாருங்கம்மா"ன்னு என் கையில குடுத்தாரு. புதுசு சத்தமே இல்லாம வழவழன்னு சுத்துச்சு. பெட்டியையும் பில்லையும் வாங்கிக்கிட்டேன். ஒத்து வராம திருப்பிக் குடுத்து மாத்தறதா இருந்தா பில்லு வேணும், வெளியூர்ல வாங்கறது வேற, அதனால பில்லு இல்லாம வாங்காதீங்க.

ராத்திரி ரூமுக்குப் போனா அம்மா பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு வந்து மொகத்துல அவ்ளோ தெளிவா உக்காந்திருந்தாங்க. கல்லைக் கட்டிக் கடல்ல போட்ட அப்பர் பெருமான் மெதந்து வந்து கரையேறுன ஊராச்சே இது, பக்கத்துல கரையேறவிட்டகுப்பம்னே எடம் இருக்கு. "அப்பரையே கரையேத்துன ஊரு, நம்ம வண்டிய ஏத்தாதா"ன்னாங்க. அன்னைக்கு நாங்க எல்லாரும் நல்லா தூங்குனது அம்மா சொன்ன அந்த வார்த்தையாலதான்.

ஞாயித்துக்கிழமை அந்தண்ணனுக்கு லீவு. எங்களுக்காக காலையில ஏழு மணிக்கே ஷெட்டைத் தொறந்தாரு. பம்ப் போட்டு, டைமிங் மார்க் மேலயும் கீழயும் ஒத்து வர்ற மாதிரி பெல்ட் மாட்டி, உடனே ஸ்டார்ட் பண்ணலை, ஸ்பேனர் போட்டு கையாலயே இன்ஜினை சுத்திச் சுத்தி மார்க் மறுபடி அதே எடத்துக்கு வருதான்னு பாத்தாரு. கூலன்ட் ஊத்திட்டு மூடியத் தொறந்தே வச்சு, ஹீட்டரை ஃபுல்லா போட்டு இன்ஜினை ஓட விட்டாரு. உள்ள மாட்டியிருக்கற காத்து முட்டை முட்டையா வெளிய வரும், தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடற வால்வு) தொறந்ததும் மட்டம் சட்டுனு எறங்கும், அப்ப மறுபடி ஊத்தணும். இந்த வேலைய அவசரத்துல விட்டுட்டா காத்து உள்ளயே நின்னு, புது பம்ப் போட்டும் சூடாகும். ரேடியேட்டர் ஃபேன் தானா ஓடி தானா நிக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னாரு.

ஓட விட்டுட்டு இருக்கறப்பதான் பேச்சு வந்துச்சு. 2015 நவம்பர் வெள்ளத்துலயும், 2024ல ஃபெஞ்சல் புயலப்பவும் கடலூர்ல எத்தனையோ வண்டி தண்ணிக்குள்ள நின்னுச்சாம். தண்ணி வடிஞ்சதும் ஓடுதான்னு பாப்போம்னு சாவியத் திருகுனவங்க இன்ஜினெல்லாம் போச்சு, தொடாம அப்படியே கட்டி இழுத்துட்டு வந்தவங்க வண்டியெல்லாம் பொழச்சுருச்சுன்னாரு. "வண்டி நின்னா சும்மா இருக்கணும்மா, அதுதான் யாராலயும் முடியறதில்லை"ன்னாரு.

சாமான், கூலி எல்லாம் சேத்து, ரெக்கவரி போக, 6,800 ஆச்சு. லீவு நாள் கூலின்னு தனியா எதுவும் கேக்கலை, நாங்களா குடுத்ததையும் பாதியத் திருப்பிக் குடுத்துட்டாரு, ஷெட்டுல இருந்த பையனுக்குக் குடுத்தா போதும்னு.

சாயங்காலம் சில்வர் பீச் வரைக்கும் போய் வந்து ஓட்டிப் பாத்தோம், முள்ளு பாதிக்குக் கீழயே நின்னுச்சு. புதுச்சேரியை விட்டுட்டு மறுநாள் விடியக் காலையில வெயிலுக்கு முன்னாடி கெளம்பிட்டோம், விருத்தாசலம் உளுந்தூர்பேட்டை வழியா. உளுந்தூர்பேட்டையில ஒருக்கா, ஆத்தூர்ல ஒருக்கா நிறுத்தி கீழ சொட்டு விழுதான்னு பாத்தோம். தரை காஞ்சே இருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள கோபி.

புது பெல்ட் ஓட ஓட கொஞ்சம் இழுபடும், ஐநூறு கிலோமீட்டர்ல ஒரு தடவை டைட் பாக்கச் சொல்லியிருந்தாரு. இங்க எங்க மெக்கானிக்கிட்ட காட்டுனேன், லேசா லூஸ் இருந்துச்சு, இறுக்கிட்டாரு. டைமிங் மார்க்கையும் எட்டிப் பாத்துட்டு, கடலூர்ல யாருங்க செஞ்சது, கை சுத்தமா இருக்குதேன்னாரு. அதை அப்படியே கடலூர் அண்ணனுக்குப் போன் பண்ணி சொன்னேன்.