எட்டு முனைச் சிலுவையும் என் தடித்த விரல்களும்

"தா காலி போகுமா?" என்று பஸ் ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தா ஆலி" என்று திருத்தினார். மால்டிய மொழியில் 'க்யூ' எழுத்து வாய்வரை வருவதில்லை, தொண்டையிலேயே நின்றுவிடும். அரபுக் குடும்பத்து மொழியை ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். பெயர்ப்பலகையைப் படித்து வழி கேட்பவன் அவமானப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

தா ஆலி என்பது மால்டா தீவின் கைவினைக் கிராமம். பெயரைக் கேட்டதும் கல் வீடுகள், திண்ணைகள், தாத்தா காலத்துப் பட்டறைகள் என்று மனத்துக்குள் ஒரு கிராமத்தையே கட்டி வைத்திருந்தேன். உண்மையில் அது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் ஓடுதளமாக இருந்த இடம். படைவீரர்கள் விட்டுப்போன அரைவட்டத் தகரக் கொட்டகைகளில்தான் கைவினைஞர்கள் குடியேறினார்கள். இப்போது புதுக் கட்டடங்கள் வந்து இடம் பளபளப்பாகியிருக்கிறது, அந்தப் பளபளப்பு எனக்கு ஒட்டவில்லை.

கண்ணாடிப் பட்டறை மட்டும் என்னை நிறுத்திவைத்தது. உலையின் வாயிலிருந்து ஒருவர் நீண்ட குழாயின் நுனியில் தேன் போன்ற குழம்பைச் சுருட்டி எடுத்தார். ஊதினார், உருட்டினார், மறுபடி உலைக்குள் நீட்டினார். குழாயைச் சுழற்றும் கை ஒரு கணமும் நிற்கவில்லை. நின்றால் குழம்பு ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். கடல்நீலமும் மணல்மஞ்சளும் கலந்த ஜாடி கண்ணெதிரே உருவானது. எத்தனை நூற்றாண்டுப் பழமையான கலை இது என்று வியந்தபடி விசாரித்தால், 'இம்தீனா கண்ணாடி' என்ற இந்தப் பட்டறை தொடங்கியது 1968-இல், தொடங்கியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் ஹாரிஸ் என்ற ஆங்கிலேயர் என்றார்கள். என் அப்பாவின் வயதுகூட இல்லாத பாரம்பரியம்! அந்த ஜாடியின் அழகு அதனால் குறைந்துவிடவில்லை, நான்தான் சற்றுச் சுருங்கிப்போனேன்.

அடுத்த கடைகளில் வெள்ளிக் கம்பியை முடிபோல இழுத்து, முறுக்கி, சுருளாக வளைத்துச் செய்த, மால்டாவின் சின்னமான எட்டு முனைச் சிலுவைகள் இருந்தன. நுணுக்கமான வேலைதான். ஆனால் ஒரே சிலுவையை நாற்பது கடைகளில் பார்த்தபின் கண் மரத்துப்போகிறது.

நான் மால்டாவுக்கு வந்ததே லேஸுக்காகத்தான். நாகர்கோவிலில் என் பெரியம்மா மடியில் திண்டு வைத்து, குண்டூசிகளுக்கு நடுவே மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னுவார். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ சபையின் பெண்கள் எங்கள் ஊரில் கற்றுக்கொடுத்த வேலை அது. அதே வகைப் பின்னல் மத்தியதரைக்கடல் நடுவிலும் உண்டு என்று தெரிந்ததிலிருந்து எனக்கு ஓர் அரிப்பு.

தலைநகர் வல்லெட்டாவில், தேசிய நூலகத்தின் முன்னே விக்டோரியா அரசி சலவைக்கல்லில் அமர்ந்திருக்கிறார். 1891-இல் வைத்த சிலை. தலையில் புறா நிற்பதை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். மடியைப் பாருங்கள்: சிற்பி அங்கே மால்டா லேஸ் சால்வையைக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார். அந்த அரசி இங்கிருந்து லேஸ் கையுறைகளை டஜன் கணக்கில் வரவழைத்தவர். இதிலும் ஒரு பழைய கதை உண்டு. செயிண்ட் ஜான் வீரர்கள் என்ற கிறிஸ்தவத் துறவிப் படையினரின் ஆட்சியில் இங்கே செழித்த லேஸ், 1798-இல் அவர்கள் தீவை விட்டுப் போனபின் ஏறக்குறைய அழிந்துவிட்டது. 1833-இல் லேடி ஹாமில்டன் சிசெஸ்டர் என்பவர் ஜெனோவாவிலிருந்து லேஸ்காரர்களை வரவழைத்து அதை மீட்டெடுத்தார். பிறகு பக்கத்துத் தீவான கோஸோவில் ஏழைக் குடும்பங்களுக்கு இது சோறு போட்டது. இங்கும் வெளியிலிருந்து வந்த ஒருத்திதானா என்று பெரியம்மாவிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

சிர்கெவ்வா துறையிலிருந்து கோஸோவுக்குக் கப்பலில் 25 நிமிடம். போகும்போது யாரும் டிக்கெட் கேட்பதில்லை, திரும்பும்போதுதான் வாங்க வேண்டும். திரும்பி வராமல் எங்கே போய்விடுவான் என்ற தைரியம்!

சான் லாரென்ஸ் ஊரருகே ஒரு சிறிய கடை வாசலில் மூதாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்த் திண்டு மடியில் படுத்திருக்கும். இவருடையது ஒல்லியாக, நீளமாக, வைக்கோல் அடைத்து, நாற்காலியில் சாய்த்து நிறுத்தியிருந்தது. அதன் பெயர் 'ட்ராய்பு'. நூல் சுற்றிய மரக்குச்சிகள் 'சொம்பினி'. லேஸுக்கு 'பித்ஸில்லா'. அவர் விரல்கள் ஓட ஓட, குச்சிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. கண்ணை மூடினால் பெரியம்மா வீட்டு மதியம்.

வேலையின் இலக்கணம் மிகச் சிறியது. நான்கு குச்சிகளைக் கையில் எடுக்க வேண்டும். நடுவிலிருக்கும் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போட வேண்டும், பிறகு ஒவ்வொரு ஜோடியையும் முறுக்க வேண்டும். இந்த இரண்டே அசைவுகள். அடியில் ஒட்டிய காகித வரைபடத்தின் துளையில் குண்டூசி குத்தி, பின்னல் நழுவாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். எட்டு முனைச் சிலுவையும் அதைச் சுற்றிய கொழுத்த கோதுமைக் கதிர்களும் அந்த இரண்டு அசைவுகளிலிருந்தே வருகின்றன. கதிர்தான் கடினமாம். ஒரு நூலைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் கதிர் இடுப்பு ஒடுங்கிவிடும்.

"இது எத்தனை நாள் வேலை?" என்றேன், உள்ளங்கை அளவு விரிப்பைக் காட்டி.

"நாள் கணக்கு வைத்துக்கொண்டால் இதைச் செய்ய முடியாது. சமையல் ஆனபிறகு உட்காருவேன்" என்றார்.

விலையைக் கேட்டதும் என் பேரம் பேசும் நாக்கு தானாக எழுந்தது. அதே அளவு விரிப்பை முந்தின நாள் வல்லெட்டா கடையொன்றில் கால்வாசி விலையில் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அது இயந்திரத்தில் வந்தது. அதுவும் வேண்டியதுதான், எல்லோராலும் இதை வாங்க முடியாதே" என்றார். பேரத்துக்கு அதன்பின் இடமில்லை. கேட்ட பணத்தைக் கொடுத்து, மிகச் சிறிய விரிப்பு ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

"நீங்கள் போட்டுப் பார்க்கிறீர்களா?" என்று அவராகவே நான்கு குச்சிகளை நீட்டினார். பெரியம்மாவின் இரத்தம் ஓடும் உடம்பல்லவா என்று உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் ஒரு விரற்கடை நீளம் பின்னினேன். நூல் ஓரிடத்தில் தொளதொளவென்றும் இன்னோரிடத்தில் கயிறுபோலவும் இருந்தது. "நன்றாக இருக்கிறது" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல்.

தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, நான் குத்திய குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.