நாய்க்காக அழலாமா என்று கேட்கிறவர்கள்

காரைக்குடிப் பக்கம் கால்நடை மருத்துவராக வேலைக்கு வந்த புதிதில் என் நாள் முழுக்க மாடும் ஆடும்தான். சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, தை பிறந்தால் மஞ்சுவிரட்டுக் காளைகளுக்குத் தகுதிச் சான்று. இப்போது நாயும் பூனையும் நிறைய வருகின்றன. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று பெரிய வீடுகள் உள்ள ஊர்களிலிருந்து வருபவை அதிகம். கூட்டுக்குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் இன்றைக்கு ஒரு ஆச்சியும் சமையலுக்கு ஓர் ஆளும் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. முகப்பிலிருந்து அடுப்படி வரைக்கும் ஆச்சி பின்னாலேயே நடப்பது ஒரு நாய்தான். அது போய்விட்டால் அந்த வீட்டில் என்ன மிச்சம் என்பது வெளியாட்களுக்குப் புரியாது.

அப்படி இழந்தவர்கள் என் முன்னால் உட்கார்ந்து அழும்போது முதலில் கேட்பது மன்னிப்புதான். "நாய்க்குப் போய் இப்படி அழறேனே, தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர்." எத்தனையோ வாயிலிருந்து இதைக் கேட்டுவிட்டேன். கேட்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு ஆறுவதில்லை. இந்தச் சீமையில் கோயில் காளை இறந்தால் ஊரே கூடுகிறது. வேட்டி, துண்டு, மாலை சாத்தி, கொட்டு அடித்து, பெண்கள் ஒப்பாரி வைத்து, மனுசருக்குச் செய்வது போலவே அடக்கம் செய்கிறார்கள். அதை யாரும் கேலி செய்வதில்லை. நாய்க்கு அழுவதற்கு மட்டும் ஏன் அனுமதி கேட்க வேண்டும்?

நாய்க்குக் கல் நட்ட ஊர் நம்முடையது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துத் தன் ஆளுக்குக் காவலாக நின்றது என்று பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டு. அழுகிறவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. சிலர் முகம் கொஞ்சம் தெளியும்.

ஒரு ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நாய் மணிக்குச் சிறுநீரகம் பழுது. வயசான நாய்களுக்கு இது அடிக்கடி வரும். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், வாந்தி எடுக்கும், வாயில் புண் வந்து நாற்றம் அடிக்கும். டிரிப்ஸ் ஏற்றினால் கொஞ்ச நாள் எழுந்து நடக்கும், கெட்டுப்போன சிறுநீரகம் திரும்பாது. ஆச்சியிடம் ஒரு வேலை கொடுத்தேன்: மணி சாப்பிட்டு, வாலாட்டி, தானாக எழுந்து வெளியே போய் வந்தால் காலண்டரில் ஒரு வட்டம், இல்லையென்றால் ஒரு பெருக்கல் குறி. அவர் பால் கணக்கு எழுதும் அதே காலண்டரில் பென்சிலால் போட்டு வந்தார். மாதக் கடைசியில் எனக்குக் காட்டினார். பாலுக்கு எழுதிய 'அரை', 'ஒண்ணு'களுக்குப் பக்கத்தில், கடைசி இரண்டு வரிசையில் வட்டமே இல்லை. ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடலாம் என்றேன்.

"தம்பி, நான் சரின்னு சொன்னா பாவம் எனக்கு வருமா?" என்றார்.

"பாவம்னா பாதி எனக்கும்தான் ஆச்சி. ஆனா இது இப்படிக் கிடந்து துடிக்க வேணாம்."

அவர் வீட்டிலேயே, இரண்டாம் கட்டுப் பகுதியில், அது வழக்கமாகப் படுக்கும் தூணடியில் செய்தோம். என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் பழக்கம். முதல் ஊசி தூங்க வைக்கும். அடுத்தது மயக்க மருந்தை அளவுக்கு மேல் கொடுப்பது, சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது. நின்ற பிறகும் ஒரு மூச்சு இழுக்கலாம், தசை துடிக்கலாம். சொல்லாமல் விட்டால் உயிரோடு புதைத்துவிட்டோமோ என்று பிறகு வருசக்கணக்கில் வதைபடுவார்கள்.

புதைப்பதிலும் கவனம் வேண்டும். நம் பக்கம் செம்புரான் கல் மண், கடப்பாரை இல்லாமல் இறங்காது. அதனால் இரண்டடியில் நிறுத்திவிடப் பார்ப்பார்கள். நான்கடிக்குக் குறையக் கூடாது, கிணற்றுப் பக்கம் கூடாது. ஊசி போட்ட உடலில் மருந்து அப்படியே இருக்கும். தெருநாய் தோண்டித் தின்றாலும் பருந்து கொத்தினாலும் அவையும் சாகும்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு வேறு மாதிரி. நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து குட்டி செத்துப்போன ஒரு வீட்டில், "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்று பையனிடம் சொல்லிவிட்டார்கள். அவன் தினம் சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றான். செத்துப்போச்சு என்றே சொல்லிவிடுங்கள். குழி மேல் ஒரு செடி அவன் கையால் வைக்கட்டும். அப்புறம் ஒன்று, அழுகையை நிறுத்த உடனே புதுக்குட்டி வாங்காதீர்கள். துக்கம் ஆறட்டும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தடுப்பூசி முடியாத குட்டி வந்தால் அதையும் பிடிக்கும்.

மணி போன பிறகு, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்த பங்காளிகள் சிலர், "நாய்க்கா இவ்வளவு?" என்று கேட்டார்களாம். ஆச்சி பதில் சொல்லவில்லை. அதன் எனாமல் தட்டு ஓரம் பெயர்ந்து கருத்துப்போன பழைய தட்டு. அதில் தண்ணீர் ஊற்றி வாசல் திண்ணைக்குக் கீழே வைத்தார், தெருநாய்கள் குடிக்கட்டும் என்று. இது நல்ல காரியம். தட்டையும் கயிற்றையும் அன்றைக்கே தூக்கிப் போடச் சொல்கிறவர்கள் ஆறுதல் சொல்வதாக நினைக்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை.

சிங்கப்பூரிலிருந்து மகன் போன் செய்து, அம்மாவுக்காக மணி பெயரில் ஏதாவது செய்யலாமா, சின்னதாகச் சிலை வைக்கலாமா என்றார். வைக்கலாம், அதோடு அந்தத் தெரு நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசிக்கு ஆகும் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றேன். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அன்றைக்கே வைத்துக்கொண்டோம். பிஸ்கட்டைக் காட்டி நாய்களைக் கூப்பிட்டது ஆச்சிதான். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்: செவலை, ஒரு காது மடங்கினது, கருப்பு, குட்டி போட்டது, வெள்ளை, நொண்டி. ஊசியை வருசா வருசம் போட வேண்டும் என்று சொன்னேன். அடுத்த செப்டம்பருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே தேதி போட்டு வைத்திருக்கிறார்.