பழைய வீட்டு வயரிங்கை எர்த்திலிருந்து தொடங்கிச் சீரமைப்போம்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளில் மின்சாரத்தின் தேவை நாலைந்து விளக்குகள், இரண்டு மின்விசிறிகள், ஒரு வானொலிப் பெட்டி என்ற அளவில்தான் இருந்தது. அதற்குரிய வயரிங்கைப் பல வீடுகளில் மிக நேர்த்தியாகவே செய்திருக்கிறார்கள். மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டில், தேக்கு ரீப்பரை மட்டம் பார்த்துச் சுவரில் அடித்து, ஒரே இடைவெளியில் தகரக் கிளிப்புகளை மடக்கி வயர் ஓட்டியிருந்த கைவேலையைப் பார்த்தால் இன்றும் மதிப்பு உண்டாகிறது. ஆனால் அதே வயரிங்கின் மீதுதான் இன்று ஏசியும் கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் வந்து சேர்ந்திருக்கின்றன. 2 கிலோவாட் கீசர் ஒன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கிறது. பழைய மின்விசிறிகள் இருபத்தைந்தை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் ஆகும் லோடு அது.

மின்னோட்டம் இரு மடங்கானால் வயரில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். அந்த வெப்பத்தை முதலில் உணர்வது ஜாயின்ட்டுகள்தான். செம்புக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் அலுமினிய வயர் இழுத்த வீடுகளில் இது இன்னும் கடுமையாக இருக்கும். அலுமினியம் காற்றுப் பட்டால் மேலே ஆக்சைடு படலம் கட்டிக்கொள்ளும். திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கித் தளர்ந்தும் போகும். அதன் மேல் புதுச் செம்பு வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இடங்களைத் திறந்து பார்த்தால், டேப் கருகி, பிசின்போல் இளகி, விரலில் ஒட்டும். ரப்பர் உறை போட்ட மிகப் பழைய வயராக இருந்தால் வளைத்த இடத்தில் உறை பொடிப்பொடியாக உதிரும். அப்படிப்பட்ட வயரை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முயலக் கூடாது. முழுவதையும் உருவிவிட வேண்டும்.

வீட்டுக்காரர்கள் பலர் பீங்கான் ஃபியூஸைக் கழற்றிவிட்டு எம்சிபி (லோடு மிஞ்சினால் தானாக அணைந்துவிடும் சுவிட்சு) பெட்டி மாட்டியதும் வேலை முடிந்துவிட்டதாகக் கருதுகிறார்கள். எம்சிபி நல்லதுதான், ஃபியூஸ் கேரியரில் கைக்குக் கிடைத்த கம்பியைச் சுற்றும் பழக்கத்துக்கு அது முடிவு கட்டுகிறது. ஆனால் எம்சிபி காப்பாற்றுவது வயரை. மனிதரைக் காப்பாற்றுவதற்கு, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தும், கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் வேண்டும். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்பதற்காக 16 ஆம்பியர் எம்சிபியை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் மாட்டினால் வயரையும் அது காப்பாற்றாது.

ஆகவே எந்தப் பழைய வீட்டிலும் முதலில் பார்க்க வேண்டியது எர்த் என்பதே என் உறுதியான கருத்து. சில வீடுகளில் தனி எர்த் குழியே கிடையாது. மண்ணுக்குள் செல்லும் இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். பின்னாளில் குழாய்களைப் பிவிசிக்கு மாற்றியபோது, கம்பி சுற்றியிருந்த ஓரடித் துண்டு மட்டும் சுவரோடு நின்றுவிட்டது. பார்ப்பதற்கு எர்த் இருப்பதுபோலவே தெரியும், மண்ணோடு தொடர்பு மட்டும் இருக்காது. இதைவிட ஆபத்தானது, எர்த் இல்லாத வீட்டில் மூன்று பின் பாயிண்ட்டின் எர்த் முனையை நியூட்ரலோடு (மின்சாரம் திரும்பிச் செல்லும் வயரோடு) சேர்த்து விடுவது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்தப் பாயிண்ட்டில் மாட்டியிருக்கும் குளிர்சாதனப் பெட்டியின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும்.

நல்ல எர்த் குழி இருந்தாலும் அது மட்டும் போதாது. குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கீசரின் உடம்பில் ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்) பட்டால் எர்த் வழியாகப் பாயக்கூடியது அதிகபட்சம் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அதை உடனே துண்டிக்காது. பல நிமிடங்கள் தாங்கிக்கொண்டு நிற்கும். அதுவரை குழாயைத் தொடுபவரின் நிலையை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. ஆர்சிசிபியோ ஃபேஸில் சென்ற மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று கண்காணித்து, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே 0.3 விநாடிக்குள் துண்டித்துவிடும். எர்த் இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும், ஆனால் கசிவு மனித உடம்பின் வழியாகப் பாய்ந்த பிறகுதான் அதற்குத் தெரியவரும். எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே துண்டித்திருக்கும். ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தவரை அது காப்பாற்றாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பழைய வீட்டில் ஆர்சிசிபி மாட்டிய மறுநாளே அது ட்ரிப் ஆகத் தொடங்கும். ஐப்பசி மழையில் சுவர் ஊறினால் நிற்கவே நிற்காது. அப்போது வரும் எலக்ட்ரீஷியன் சிலர் அதை ஒதுக்கிவிட்டு நேராக இணைப்புக் கொடுத்துப் போய்விடுகிறார்கள். இதை நான் மிகுந்த வேதனையோடு எழுதுகிறேன், ஏனெனில் அந்தக் கருவி பழுதாகவில்லை. கசிவோ நியூட்ரல் கலப்போ இருக்கிறது என்று சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மாடி வயரிங்கின் நியூட்ரலைக் கீழ்த்தளத்தோடு சேர்த்திருப்பது, இன்வெர்ட்டரின் நியூட்ரலைக் கலந்திருப்பது, கீசர் காயிலில் ஈரம் இறங்கியிருப்பது ஆகியவையே வழக்கமான காரணங்கள். மெயினை அணைத்து, கருவிகளைக் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெக்கர் (வயர் உறையின் தடையை அளக்கும் கருவி) கொண்டு ஒவ்வொரு சர்க்யூட்டாகச் சோதித்தால், ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டும் சர்க்யூட் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மெக்கர் கொண்டுவரும் வயர்மேனாகத் தேடிப் பிடிக்க வேண்டும். டெஸ்டரை மட்டும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வருபவரால் இதைக் கண்டுபிடிக்க இயலாது.

முழு வயரிங்கையும் ஒரே மூச்சில் மாற்றப் பணம் இல்லாதவர்கள், புது எர்த் குழி, ஆர்சிசிபி, பிறகு ஏசிக்கும் கீசருக்கும் மெயினிலிருந்து தனித்தனியே நான்கு ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர் என்ற வரிசையில் போகலாம். விளக்குகளுக்கான ஒன்றரை ஸ்கொயரும் பவர் பாயிண்ட்டுகளுக்கான இரண்டரை ஸ்கொயரும் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கலாம், பழைய வயரின் உறை உதிராமல் இருந்தால்.

வீட்டுக்கு வெளியே ஒன்றை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். சர்வீஸ் வயர் வந்து இறங்கும் இரும்புக் குழாயில் துணி காயப்போடும் கம்பியைக் கட்டியிருந்தால், அவிழ்த்து நைலான் கயிறாக மாற்றுங்கள். ஈரத் துணியும் ஈரத் தரையும் சேரும் அந்த இடத்தில், உள்ளே மாட்டிய ஆர்சிசிபியால் எந்தப் பயனும் இல்லை. மின்சாரம் அந்தக் கருவிக்கு வந்து சேரும் முன், வெளி வயரிலேயே கசிவு நிகழ்ந்துவிடுகிறது. அவிழ்ப்பதற்கு முன் கம்பியை வெறுங்கையால் தொடாதீர்கள். வயர்மேனை அழைத்து, அதில் மின்சாரம் இல்லை என்று அவர் உறுதி செய்த பிறகு அவிழ்க்கச் சொல்லுங்கள்.