உவமை வினாவுக்கு விடை எழுதும் முன்

மறைக்கல்வித் தேர்வானாலும் இறையியல் தேர்வானாலும், இயேசு சொன்ன உவமைகள் பற்றிய பாடத்தைக் ‘கதை தெரிந்ததுதானே’ என்று மாணவர்கள் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். சிக்கலே அந்தக் கதை தெரிந்திருப்பதுதான். ஒன்றரைப் பக்கம் காணாமற்போன மகன் கதையை எழுதிவிட்டு, ‘கடவுள் நம்மை மன்னிக்கிறார்’ என்று இரண்டே வரியில் முடித்தால் பாதி மதிப்பெண் தேறுவதே கடினம்.

உவமைக்கு முந்தைய வசனத்திலிருந்து படியுங்கள். இயேசு யாரிடம் சொன்னார், எதற்குப் பதிலாகச் சொன்னார் என்பது பெரும்பாலும் அங்கே இருக்கும். லூக்கா 15:1-2இல், பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்று பரிசேயரும் (சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவினர்) மறைநூல் அறிஞரும் முணுமுணுக்கிறார்கள். காணாமற்போன ஆடு, காசு, மகன் என்ற மூன்று உவமைகளும் அந்த முணுமுணுப்புக்கான பதில். ஆகவே தம்பி திரும்பி வந்த விருந்துக்கு மூத்த மகன் வீட்டுக்குள் வர மறுப்பது ஒட்டுக்கதை அல்ல. முணுமுணுத்தவர்களின் முகம் அங்கேதான் தெரிகிறது. அவன் கடைசியில் உள்ளே போனானா என்று லூக்கா சொல்லவே இல்லை. இதைக் கவனித்து எழுதும் விடைகள் மிகக் குறைவு.

அதே ஆட்டு உவமை மத்தேயு 18:12-14இல் சீடர்களிடம் சொல்லப்படுகிறது. அங்கே அழுத்தம், வழிதவறும் சிறியவரைத் தேடிப்போகும் பொறுப்பின் மேல். ‘இரு நற்செய்திகளையும் ஒப்பிடுக’ என்று வந்தால் கேட்டவர்கள் மாறியதையும் அதனால் பொருள் மாறியதையும் எழுதுங்கள்.

தமிழ் இலக்கணம் படித்தவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உவமானம், உவமேயம் என்று பிரித்துப் பழகிய கை, ‘விண்ணரசு ஒரு வணிகருக்கு ஒப்பாகும்’ என்பதைப் பார்த்தவுடன் விண்ணரசு = வணிகர் என்று எழுதிவிடும். மத்தேயு 13:44இல் விண்ணரசு புதையலுக்கு ஒப்பு. அடுத்த வசனத்தில் முத்தைத் தேடும் வணிகருக்கு ஒப்பு. ஒப்பிடப்படுவது ஆள் அல்ல, முழு நிகழ்ச்சி: கண்டது, விற்றது, வாங்கியது.

இதே பழக்கம்தான் ஒவ்வொரு பொருளுக்கும் மறைபொருள் தேட வைக்கிறது. நல்ல சமாரியர் உவமையில் சமாரியர் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரர் பவுல் என்று பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் விளக்கினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் விவிலிய அறிஞர் அடோல்ஃப் யூலிஷர் இதை மறுத்து, ஓர் உவமைக்கு ஒரு மையக்கருத்தே என்றார். அதுவும் முழுதாகப் பொருந்தாது. விதைப்பவர் உவமைக்கும் களைகள் உவமைக்கும் நற்செய்தியிலேயே வரிசையாக விளக்கம் இருக்கிறது (மத்தேயு 13:18-23, 36-43). அங்கே ‘இது இதைக் குறிக்கும்’ என்று தாராளமாக எழுதலாம். மற்ற இடங்களில் அடக்கி வாசிக்க வேண்டும்.

எண்களை விட்டுவிடாதீர்கள். மத்தேயு 18இன் மன்னிக்காத பணியாளர் உவமையில் முதல் பணியாளரின் கடன் 10,000 தாலந்து, உடன்பணியாளரின் கடன் 100 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி; ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஆறு கோடி நாள் கூலி மன்னிக்கப்பட்டவன் நூறு நாள் கூலிக்காகக் கழுத்தைப் பிடிக்கிறான். இந்தக் கணக்கைப் போட்டாலே உவமையின் கூர்மை விடையில் வந்துவிடும். சபைகளில் பாட்டு, பேச்சுப் போட்டிகளைத் ‘தாலந்துப் பரீட்சை’ என்று கேட்டுப் பழகியவர்கள், மத்தேயு 25இன் தாலந்து உவமைக்கு நேராகப் ‘பாட்டுத் திறமை’ என்று எழுதுகிறார்கள். அங்கேயும் முதலில் அது பணம்.

தவறாமல் பிழை நேரும் உவமை லூக்கா 16இன் வீட்டுப் பொறுப்பாளர். வேலை போகப்போகிறது என்று அறிந்ததும், தலைவருக்கு வரவேண்டிய எண்ணெய்க் கடன் நூறை ஐம்பதாகவும், கோதுமைக் கடன் நூறை எண்பதாகவும் குறைக்கிறான். தலைவர் பாராட்டுவது அவனுடைய முன்யோசனையை, மோசடியை அல்ல.

‘இயேசு ஏன் உவமைகளால் போதித்தார்?’ என்ற வினாவுக்கு ‘எளிதில் விளங்குவதற்காக’ என்று மட்டும் எழுதினால் மாற்கு 4:11-12 உங்களுக்கு எதிராக நிற்கும்: வெளியே இருப்பவர்கள் கண்டும் உணராதபடி என்கிறது அது. மத்தேயு 13:13 அதையே, அவர்கள் காணாமலும் கேளாமலும் இருப்பதால் என்று காரணமாக மாற்றுகிறது. இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றுக்கு மூலமான ஏசாயா 6:9-10ஐச் சுட்டி எழுதுங்கள்.

நேரம் பிரிப்பது எளிது: கதைச் சுருக்கம் ஐந்து வரி, சூழல் ஐந்து வரி, மீதி முழுவதும் பொருளும் இன்றைய பயன்பாடும். ஆயக்காரர் என்று தொடங்கினால் கடைசி வரை ஆயக்காரர். நடுவில் வரிதண்டுபவர் என்று மொழிபெயர்ப்பு மாற்றாதீர்கள்.