சொதியும் கொலஸ்ட்ரோலும்

கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது என்றதும் எங்கட ஆட்கள் முதலில் முட்டையைத்தான் நிறுத்துகிறார்கள். தினமும் முதற்பாலில் வைக்கிற சொதியை யாரும் கவனிப்பதில்லை. தேங்காய்ப்பாலில் இருக்கிற கொழுப்பு பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ரோலை இரத்தத்திலிருந்து ஈரல் எடுப்பதை அது மந்தமாக்கிவிடும்.

அம்மாவுக்காக இப்போது சொதி கப்பிப்பாலில்தான் (கடைசியாகப் பிழிகிற தண்ணிப்பால்). வெந்தயம் கொஞ்சம் கூட, பச்சைமிளகாய், இறக்கியபிறகு தேசிக்காய்ப்புளி. ருசி குறையவில்லை என்று அம்மாவே சொல்லிவிட்டா!

காலையில் அவித்த பயறு அல்லது கடலை, மத்தியானம் முருங்கையிலை வறை (தேங்காய்ப்பூ ஒரு பிடி போதும்). பயறு, கடலையில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்தத்தை (ஈரல் சுரக்கிற செரிமான நீர்) பிடித்து வெளியேற்றும். புதுப் பித்தம் சுரக்க ஈரலுக்குக் கொலஸ்ட்ரோல் வேண்டும். அதில் ஒரு பகுதியை இரத்தத்திலிருந்து எடுக்கும். எவ்வளவு அருமையான ஏற்பாடு!

அப்புறம் நடை. பின்னேரம் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைப் பக்கம் காற்றும் நல்லது. கிழமைக்கு 150 நிமிடம், மூச்சு வாங்கினாலும் கதைக்க முடிகிற வேகத்தில். சிகரெட் இருந்தால் விட்டுவிடுங்கோ.

டாக்குத்தர் தந்த குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பரம்பரையாகக் கொலஸ்ட்ரோல் கூடியவர்களுக்குச் சாப்பாடு மட்டும் காணாது. அப்படியான குடும்பம் என்றால் பிள்ளைகளுக்கும் ஒருக்கா இரத்தம் சோதித்துப் பாருங்கோ.